ஆடிக் காற்றில் டேம்பர் சோதனை

வள்ளியூருக்குத் தெற்கே, நாகர்கோவில் போகிற நாலுவழிச் சாலையை ஒட்டி ஒரு நான்கு மாடி மருத்துவமனைக் கட்டடம். அதன் காற்றோட்ட டேம்பர்களை, அதாவது காற்றுக் குழாய்களான டக்டுகளுக்குள் திறந்து மூடும் பிளேடு அமைப்புகளை, சோதித்து ஒப்படைக்கும் வேலை ஒருவழியாக முடிவுக்கு வந்திருக்கிறது. பங்குனியில் சரி என்று தாளில் டிக் போட்ட சில டேம்பர்கள் ஆடியில் தோற்றுப்போய், மறுபடி சரியாகின. இந்த வேலையில் இருக்கிற வேறு ஆட்களுக்கும் உதவும் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கட்டடத்தில் நாலு வகை டேம்பர். கிளை டக்டுகளில் கையால் திருப்பிப் பூட்டி வைக்கிற வி.சி.டி. (காற்றளவைக் கட்டுப்படுத்தும் டேம்பர்). ஏ.எச்.யூ. (காற்றைப் பதப்படுத்தி டக்டுகளுக்குள் தள்ளும் இயந்திரம்) அறைகளில் வெளிக்காற்றுக்கும் திரும்பி வரும் காற்றுக்கும் மோட்டார் டேம்பர், கட்டடத்துக் கருவிகளைக் கணினி வழியாக நடத்தும் பி.எம்.எஸ்.ஸிலிருந்து 2 முதல் 10 வோல்ட் வரை சிக்னல் வரும், அதற்கேற்ற அளவு திறக்கும். டக்ட் சுவரையும் தளத்தையும் கடக்கிற இடங்களில் தீ, புகை டேம்பர்; மின்சாரம் இருக்கும்வரை திறந்திருக்கும், போனால் ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். கழிவறை எக்ஸாஸ்ட் வெளியே போகிற வாயில் மின்சாரமே வேண்டாத தகட்டு டேம்பர். ஃபேன் தள்ளினால் திறக்கும், நின்றால் தன் எடையிலேயே விழுந்து மூடும். தீ, புகை வகை மட்டும் 42. மற்றதெல்லாம் சேர்ந்தாலும் வேலை என்னவோ இந்த 42-ல்தான் அதிகம் என்று ஆரம்பத்தில் எல்லாரும் நினைத்தோம்.

கையில் இருந்த கருவிகள்: மல்டிமீட்டர், காற்றழுத்தம் அளக்கும் டிஜிட்டல் மானோமீட்டர், காற்றின் வேகம் அளக்கும் ஹாட் வயர் அனிமோமீட்டர், டார்ச், செல்போனில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா, வெள்ளை பெயின்ட் மார்க்கர். கேமரா ரூ. 1,400. மார்க்கர் ரூ. 60. விலை உயர்ந்த இரண்டு கருவிகளைவிட இந்த இரண்டும்தான் தினமும் பைக்கு வெளியிலேயே கிடந்தன.

முதல் வேலை, பட்டியலையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு டேம்பருக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த இடத்துக்குப் போய், டேம்பர் இருக்கிறதா, கை போகுமா, பிளேடைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று குறித்தோம். டேம்பர் எல்லாம் இருந்தன. பார்க்கத்தான் வழியில்லை. ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் எங்களுக்கு முன்பே மூடிவிட்டுப் போயிருந்தார்கள். சீலிங்கில் திறந்து பார்க்கும் ட்ராப் டோர் வைத்த இடங்களிலும் சில டேம்பருக்கு இரண்டடி தள்ளி இருந்தன. ஒன்றின் நேர் கீழே கேபிள் ட்ரே. சீலிங்கை அறுத்து 450-க்கு 450 மில்லிமீட்டர் கதவு வைக்க இடத்துக்கு ரூ. 1,300 ஆனது. டக்டிலேயே கை விட்டுப் பார்க்கும் சின்னக் கதவு தனி. இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற பஞ்சாயத்து வேலையைவிட நீளமாக ஓடியது. அதை விட்டுவிடுகிறேன்.

அடுத்தது, ஃபேன் ஓடாமல், மின்சாரமும் கொடுக்காமல் கையால் திருப்பிப் பார்க்கும் சோதனை. இதைத் தாண்டிக் குதித்து நேரே பி.எம்.எஸ்.ஸில் உட்காருகிற பழக்கம் பலருக்கு உண்டு. ஆனால் குறைகளில் பாதிக்குமேல் இங்கேதான் அகப்பட்டன. டக்டை இணைக்க அடித்த ஸ்க்ரூ நீளமாகி உள்ளே நீட்டிக்கொண்டு பிளேடை வழிமறித்தது சில இடங்களில். பூச்சு வேலையின்போது சிமென்ட் பால் வழிந்து பிளேடு ஓரத்தில் காய்ந்து கிடந்தது சில இடங்களில். தீ டேம்பர்கள் லாரியில் வரும்போது பிளேடு ஆடாமல் இருக்கக் கட்டிய கம்பி இரண்டில் அப்படியே இருந்தது. கட்டடம் எரிந்தாலும் அந்த இரண்டும் மூடியிருக்காது.

ஒன்று மட்டும் எதுவுமே தடுக்காமல் பாதியில் இறுகி நின்றது. 1,000-க்கு 500 மில்லிமீட்டர் டேம்பர். டக்ட் மேஸ்திரி சுத்தியலை எடுத்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்று சொல்லி டேப்பை வைத்து மூலைக்கு மூலை அளந்தோம். இரண்டு மூலைவிட்டமும் 1,118 வர வேண்டும். ஒன்று 1,122, இன்னொன்று 1,114. ஃபிரேம் கோணிவிட்டது. மேலே தொங்கும் ராடுகளில் ஒரு பக்கம் மட்டும் இறுக்கியதால் டக்டின் எடை முழுக்க டேம்பர் ஃபிரேமின் மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கத்து டக்டுக்கும் தனித்தனியாகத் தாங்கி கொடுத்து, ஃபிளான்ஜ் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கியதும் ஒரு விரலால் சுழன்றது. சுத்தியல் திரும்பப் பைக்குள் போனது.

இந்தக் கட்டத்திலேயே ஒவ்வொரு ஷாஃப்ட் (பிளேடு சுழலும் தண்டு) முனையிலும் பிளேடு நிற்கும் திசையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டோம். டேம்பரைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டரின் கிளாம்ப் ஷாஃப்டைப் பிடிக்கிற இடத்தில், இரண்டையும் சேர்த்து இன்னொரு கோடு. இந்த இரண்டாவது கோட்டின் அருமை பின்னால் தெரிந்தது.

தீ டேம்பர்களில் ஒருசிலவற்றில் மோட்டார் இல்லை. 72 டிகிரி செல்சியஸில் உருகி விடுபடும் லிங்க் மட்டும். இதைச் சோதிக்க யாரும் நெருப்பு வைப்பதில்லை. லிங்க்கைக் கையால் கழற்றிவிட்டால் பிளேடு விழ வேண்டும், கடைசிவரை விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். கழற்றும்போது கை பிளேடு விழும் பாதையில் இருக்கவே கூடாது, விரல் மிஞ்சாது. நாங்கள் ஒரு கம்பிக் கொக்கி வளைத்து வெளியே நின்று இழுத்தோம். மூடிய பிறகு ஒரு பக்கம் டார்ச்சை வைத்து மறுபக்கம் கேமராவை விட்டால் எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். கசிவை எண்ணாகச் சொல்ல இது போதாது, அதற்குத் தொழிற்சாலைச் சான்றிதழ் இருக்கிறது. பிளேடு ஓரத்து ரப்பர் மடிந்திருக்கிறதா என்று பார்க்க இது தாராளம்.

பிறகு மின்சாரம். இங்கேதான் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. இரண்டாம் மாடியில் 14 தீ, புகை டேம்பர்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர், 24 வோல்ட், 100 வி.ஏ. (அது தாங்கும் சுமை). ஒவ்வொரு டேம்பராக அணைத்தோம், மூடியது, போட்டோம், திறந்தது. பதினாலும் பாஸ். கடைசி டேம்பரில் 22.8 வோல்ட் இருந்தது. தாள் நிரம்பிவிட்டது.

ஃபயர் பேனலிலிருந்து மாடி முழுவதற்கும் ஒரே சிக்னல் கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் அழகாக மூடின. ரீசெட் செய்தபோதுதான் கதை மாறியது. முன்னால் இருந்தவை திறந்தன. வராந்தாக் கடைசியில் இருந்த நாலும் முனகிக்கொண்டே பாதியில் நின்றன. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி மீட்டரை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, 18.2 தான் காட்டுது" என்றான். அந்த ஆக்சுவேட்டருக்கு 24-லிருந்து 20 சதவீதம் குறையலாம், அதாவது 19.2 வரை. அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. அதன் பெயர்த் தகட்டைப் படித்தால் ஓடும்போது ஒவ்வொன்றும் 8.5 வி.ஏ. எடுக்கும் என்று இருக்கிறது. பதினாலுக்கு 119. திறந்து நிற்கும்போது எடுப்பது மிகக் குறைவு என்பதால் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது டிரான்ஸ்ஃபார்மருக்கு வலிக்கவே இல்லை. எல்லாம் சேர்ந்து ஸ்பிரிங்கை எதிர்த்து இழுக்கும்போதுதான் மூச்சு வாங்கியது. ஒயரும் 60 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர்.

இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஏழேழாகப் பிரித்தோம், தூரத்து வரிசைக்கு 2.5 ஒயர் இழுத்தோம். டிரான்ஸ்ஃபார்மர் ரூ. 1,900, ஒயரும் கூலியும் அதைப்போல மூன்று மடங்கு. இப்போது எல்லாம் ஒன்றாக ஓடும்போதும் கடைசியில் 22 வோல்ட் நிற்கிறது.

இதையொட்டி இன்னொன்று. நம் ஊரில் கரண்ட் போவதும் ஜெனரேட்டர் எடுப்பதும் தினசரிச் சமாச்சாரம். கரண்ட் போன நொடியே தீ டேம்பர்கள் மூட ஆரம்பிக்கின்றன. ஸ்பிரிங் சுமார் 20 நொடியில் மூடிவிடும். ஜெனரேட்டர் வந்ததும் ஏ.எச்.யூ. ஃபேன் உடனே கிளம்பும். ஆனால் டேம்பர் முழுசாகத் திறக்க ஒன்றரை நிமிடத்துக்குமேல் ஆகும். அதுவரை ஃபேன் மூடிய டக்டுக்குள் தள்ளுகிறது, இன்னொரு பக்கம் உறிஞ்சுகிறது. முதல் தடவை செய்து பார்த்தபோது ரிட்டர்ன் டக்ட் உள்வாங்கி 'டம்' என்று போட்ட சத்தத்தில் கீழே டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். டேம்பரின் எண்ட் ஸ்விட்ச் 'திறந்தேன்' என்று சொன்ன பிறகுதான் ஃபேன் கிளம்ப வேண்டும் என்று ஸ்டார்ட்டருக்கு நேரடி ஒயரிங் கொடுத்தோம். தீ சிக்னலில் ஃபேன் நிற்பதும் இதே மாதிரி ரிலே வழியாக நேரே வரவேண்டும். பி.எம்.எஸ். மென்பொருளை நம்பி அதை விடக்கூடாது என்பது என் கருத்து. மென்பொருள் ஆட்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பி.எம்.எஸ். சோதனையில் 2, 4, 6, 8, 10 என்று வோல்ட் கொடுத்து ஒவ்வொரு படியிலும் ஷாஃப்ட் கோட்டைப் பார்த்தோம். ஒரு ஏ.எச்.யூ.வில் வெளிக்காற்று டேம்பரின் திசை ஸ்விட்ச் மாறியிருந்தது. திரையில் 30 சதவீதம் திறப்பு என்றால் உண்மையில் 70. ஸ்க்ரூட்ரைவரால் ஒரு திருப்பு, முடிந்தது. இன்னொன்றில் திரை 0-விலிருந்து 100 வரை சமர்த்தாக ஏறி இறங்கியது, பிளேடு மட்டும் 40 சதவீதத்திலேயே குந்தியிருந்தது. இங்கேதான் அந்த இரண்டாவது வெள்ளைக் கோடு: கிளாம்பில் ஒரு பக்கம், ஷாஃப்டில் இன்னொரு பக்கம் என்று பிரிந்து நின்றது. ஷாஃப்டில் இருந்த எண்ணெயைத் துடைக்காமல் கிளாம்பை இறுக்கியிருக்கிறார்கள். திரைக்கு வரும் தகவல் மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பதுதான். பிளேடைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எண்ணெயைத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி இறுக்கி, புதுக் கோடு.

இவ்வளவும் பங்குனி, சித்திரையில். காற்றளவும் அப்போதே எடுத்தோம். முதல் மாடி ஏ.எச்.யூ.வுக்கு வெளிக்காற்று 1,200 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வேண்டும். டக்ட் 600-க்கு 450, அதாவது 2.9 சதுர அடி. பல புள்ளிகளில் எடுத்த வேகத்தின் சராசரி நிமிடத்துக்கு 395 அடி. பெருக்கினால் 1,146. பத்து சதவீதத்துக்குள் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம். கையெழுத்து வாங்கியாயிற்று.

ஆனி பிறந்ததும் காற்று பிடித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை நம்பித்தான் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. எங்கள் கட்டடத்தின் வெளிக்காற்று நுழையும் சாய்தகட்டு லூவரும் கழிவறை எக்ஸாஸ்ட் வாய்களும் மேற்குச் சுவரில். வாட்ச்மேன் தாத்தாதான் முதலில் சொன்னார்: "ராத்திரி பூராம் மேல யாரோ கதவத் தட்டுத மாதிரி இருக்கு தம்பி. காத்து நின்னா அதுவும் நின்னுருது." அதே சமயத்தில் பி.எம்.எஸ். பதிவிலும் முதல் மாடி வெளிக்காற்று டேம்பர் ஓய்வே இல்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. காற்றளவு 870-க்கும் 1,900-க்கும் இடையில் ஊசலாடியது.

தட்டுகிற சத்தமும் இந்த ஆட்டமும் ஒரே இடத்திலிருந்து வருவதாக எடுத்துக்கொண்டு மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும் லிங்கேஜ் தளர்ந்திருக்கிறது, ஆக்சுவேட்டருக்கு வலு போதவில்லை என்று தேட ஆரம்பித்தோம். டேம்பர் வெறும் 0.27 சதுர மீட்டர். இருந்த 5 நியூட்டன் மீட்டர் ஆக்சுவேட்டரே அதற்கு ஏராளம். இருந்தும் சைட் எஞ்சினியரின் அவசரத்துக்கு 10 நியூட்டன் மீட்டரில் ஒன்று வாங்கி மாட்டினோம், ரூ. 11,500. ஆட்டம் துளியும் குறையவில்லை. அது இப்போது ஸ்பேராக அலமாரியில் இருக்கிறது.

மானோமீட்டரின் ஒரு குழாயை மேற்குச் சுவர் லூவரிலும் இன்னொன்றை அறைக்குள்ளும் வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஃபேன் எல்லாம் நின்றிருக்கிறது, ஆனால் மீட்டர் 20-க்கும் 60 பாஸ்கலுக்கும் இடையில் துள்ளுகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று ஒரு சுவரில் மோதினால் 60 பாஸ்கல் அழுத்தம் என்பது சும்மா கணக்கு. கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன் தருவதே மொத்தம் 100 பாஸ்கல் சுற்றித்தான். அதில் பாதிக்குமேல் டக்டும் கிரில்லும் தின்றுவிடும். மிச்சத்தை வைத்து 60-ஐ எதிர்த்துத் தகடு எப்படித் திறக்கும்? வேகம் கூடினால் அறைந்து மூடும், தணிந்தால் திறக்கும். தாத்தா கேட்ட சத்தம் அதுதான். வெளிக்காற்று டேம்பருக்கு வேறு பிரச்சினை: ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஆக்சுவேட்டருக்கு 90 நொடி வேண்டும், காற்றின் வேகமோ நாலு நொடியில் மாறுகிறது. டேம்பர் எப்போதும் போன காற்றைத் துரத்திக்கொண்டிருந்தது.

வெளிக்காற்றுக்கு இரண்டு வேலை செய்தோம். லூவருக்கு முன்னால் 450 மில்லிமீட்டர் தள்ளி 22 கேஜ் ஜி.ஐ. தகட்டில் ஒரு மறைப்பு, ஆங்கிள் ஃபிரேமில். வெல்டிங் கூலியோடு ரூ. 9,800. சராசரி அழுத்தத்தை இது குறைக்காது. வீச்சின் துள்ளலை மட்டும் மழுங்கடிக்கும். அப்புறம் பி.எம்.எஸ்.ஸில் காற்றளவை 2 நிமிடச் சராசரியாக எடுத்து, 75 சி.எஃப்.எம்.முக்குக் குறைவான வித்தியாசத்துக்கு டேம்பர் அசையவே வேண்டாம் என்று வைத்தோம். இப்போது பலத்த காற்றிலும் 1,100-லிருந்து 1,300-க்குள் நிற்கிறது.

எக்ஸாஸ்ட் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. வாய்க்குக் கீழ்நோக்கிய கூண்டு போட்டால் போதும் என்று டக்ட் மேஸ்திரி சொன்னார், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒன்றுக்குப் போட்டுப் பார்த்தோம், ரூ. 2,200. மழை வராது, அவ்வளவுதான். காற்று மோதுகிற சுவர் முழுவதுமே அழுத்தத்தில் இருக்கும்போது அதையொட்டி வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் வித்தியாசம் இல்லை. கடைசியில் நாலு வாய்களையும் சேர்த்து ஒரே டக்டாக மொட்டை மாடிக்கு ஏற்றி, கைப்பிடிச் சுவருக்கு மேலே வானத்தைப் பார்க்கத் திறந்துவிட்டோம். மழைநீர் உள்ளே போகாமல் சுற்றிலும் ஒரு வளையம், அடியில் வடிகால். தகடு, கூலி, சாரம் எல்லாம் சேர்த்து ரூ. 64,000. பங்குனியில் டக்ட் போடும்போதே செய்திருந்தால் சாரச் செலவே வந்திருக்காது.

மேலே போனதும் நிலைமை தலைகீழ். மொட்டை மாடிக்கு மேல் பாயும் காற்று உறிஞ்சுவதால் ஃபேன் நின்ற பிறகும் தகடு எழும்பி எழும்பி விழுந்தது. பிளேடு ஓரத்தில் ஒரு ஜி.ஐ. பட்டையை ரிவெட் அடித்து எடை கூட்டினோம். அதிகம் கூட்டினால் ஃபேன் தள்ளும்போது திறக்காது; ஃபேனைப் போட்டுப் போட்டுப் பார்த்துப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்தோம்.

காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று சோதனைத் தாளில் எழுத இப்போது ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். திசைக்குத் தனிக் கருவி வேண்டாம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கின்றன என்று பார்த்தால் போதும். இந்தப் பக்கம் அடுத்த கட்டடம் கிடைத்தால் இயந்திரச் சோதனையை எப்போது வேண்டுமானாலும் செய்வேன், காற்றளவுக் கையெழுத்தை மட்டும் ஆனி, ஆடிக்குத் தள்ளிவைப்பேன். மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் வாய் என்று வரைபடத்தில் பார்த்தாலே சண்டைக்குப் போவேன். ஷாஃப்ட் சுழலும் புஷ்களுக்கு கிரீஸ் வைக்க விடமாட்டேன். மேல்காற்றோடு வரும் செம்மண் புழுதி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடுகிறது, காய்ந்த சிலிகான் ஸ்ப்ரே போதும்.

ஒப்படைக்கும்போது ஒவ்வொரு டேம்பருக்கும் திறந்த நிலை, மூடிய நிலை இரண்டிலும் ஷாஃப்ட் கோட்டின் படம், மூட எடுத்த நொடி, எல்லாம் ஒன்றாக ஓடும்போது வந்த வோல்ட் என்று கொடுத்திருக்கிறோம். அமெரிக்கத் தரமான என்.எஃப்.பி.ஏ. 80, தீ டேம்பர்களை நிறுவிய ஒரு வருடத்தில் மறுபடி சோதிக்கச் சொல்கிறது. அதன் பிறகு மற்றக் கட்டடங்களுக்கு நாலு வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவமனைக்கு ஆறு வருடத்துக்கு ஒருமுறை. பராமரிப்பு சூப்பர்வைசர் அதைக் கேட்டுவிட்டு, "ஆறு வருஷமா? நம்ம புழுதிக்கு வருஷா வருஷம் பாத்துருவோம் சார்" என்றார். நானும் அதையே எழுதிக் கொடுத்தேன்.

42-ல் 41 முடிந்தது. மூன்றாம் மாடியில் ஒன்றுக்கு மட்டும் ட்ராப் டோர் வைக்கிற இடத்தில் ஆக்சிஜன் பைப் குறுக்கே போகிறது. பைப் ஆட்கள் அதை நகர்த்தி, அழுத்தச் சோதனை முடித்துத் தந்த பிறகுதான் அதன் லிங்க்கைக் கழற்றிப் பார்க்க முடியும். அதுவரை தாளில் அதற்கு நேராக 'பார்க்கவில்லை' என்றே இருக்கிறது.